டிம் சம் கூடையை எடைபோடுவது எப்படி?

கொழுக்கட்டை பிடிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு, தென்சீனக் கான்டோனீஸ் மக்களின் சிறு பண்டங்களான டிம் சம் விற்கும் கடையில் பாதிப் பாடம் முன்பே தெரியும். மேல்மாவு ஆவியில் வெடித்திருக்கிறதா, மடிப்பு வேகாமல் பச்சை மாவாக நிற்கிறதா, பூரணத்தின் ஈரம் கசிந்து அடியை நனைத்துவிட்டதா என்பதையெல்லாம் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கான்டோனீஸ் சமையற்கூடத்தில் மூங்கில் கூடையின் மூடியைத் திறந்து பார்ப்பவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார். இருந்தும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலையிட நண்பர்களோடு டிம் சம் சாப்பிட்டுவிட்டு வரும் நம்மவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "சப்பென்று இருந்தது" என்பதோ "சில்லி சாஸ் நன்றாக இருந்தது" என்பதோதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. மசாலாவைத் தேடிப் போன நாக்கு ஏமாந்து திரும்புகிறது. கான்டோனீஸ் சமையலில் சுவைக்கு இணையாகப் பல்லில் படும் பதத்துக்கும் மதிப்பு உண்டு. கடிக்கும்போது நறுக்கென்று தெறிப்பதை 'சோங்' என்றும், வழுக்கிக்கொண்டு இறங்குவதை 'வாட்' என்றும், பல்லைத் தள்ளிக்கொண்டு எழும்பும் துள்ளலை 'டான் ஙா' என்றும் அவர்கள் தனித்தனிப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூடையிலும் முதல் துண்டை எந்தச் சாஸும் தொடாமல் சாப்பிடுவது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால், கடையின் தரம் தானாகவே புலப்படத் தொடங்கும்.

எந்தக் கடைக்குப் போவது என்பதைவிட எந்த நேரத்தில் போவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். டிம் சம் காலை உணவு; பழைய பாணிக் கடைகள் விடியற்காலையிலேயே திறந்துவிடுகின்றன. தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வரும் கடைகளில், காலை ஏழரை மணிக்குக் கிடைக்கும் கூடையும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் கூடையும் ஒரே கை செய்ததாக இருந்தாலும் ஒரே பண்டம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கடைக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பகலை ஒட்டிப் போனேன். இறால் கொழுக்கட்டையைத் தூக்கியபோது அதன் தோல் அடிக் காகிதத்தோடு ஒட்டிக் கிழிந்து, இறால் மட்டும் தனியே கையோடு வந்தது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தவனை, கான்டோனீஸ் நண்பர் ஒருவர் வற்புறுத்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் அங்கேயே அழைத்துப்போனார். அதே பண்டம் அன்று கண்ணாடிபோல் முழுதாக எழும்பி வந்தது. அதன் பிறகு, வார நாள் காலையில் ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கடையைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வண்டி வைத்திருக்கும் கடையானால், வண்டியிலிருந்து எடுப்பதைவிட ஆவிப் பெட்டிக்கு அருகிலேயே போய், இப்போது இறங்கியது எது என்று கேட்டு வாங்குவது நல்லது. தாளில் குறித்துக் கொடுத்த பிறகே வேகவைத்துத் தரும் கடையில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கேயும் எல்லாக் கூடைகளையும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டால், பேசிக்கொண்டே சாப்பிடும் நம் வழக்கத்துக்குக் கடைசிக் கூடை ஆறித்தான் போகும். இரண்டிரண்டாகக் கேளுங்கள்.

கோலாலம்பூரில் சீனர்களிடையே கான்டோனீஸ் பொதுமொழிபோல் வழங்குவதால், பூடு வட்டாரத்துக் கடைகளில் பண்டங்களின் பெயர் கூவுகிறவர் வாயிலும் சாப்பிடுகிறவர் வாயிலும் ஒன்றாகவே இருக்கும். பினாங்கோ ஹொக்கியன் என்ற வேறொரு சீன மொழி பேசும் ஊர். அங்கே கான்டோனீஸ் உணவு ஓரளவு விருந்தாளிதான். ஆனாலும் லெபோ பாசாரின் மலர்க்கடைகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய லெபோ சிந்த்ராவில் நெடுங்காலமாக டிம் சம் வண்டிகள் உருண்டுகொண்டுதான் இருக்கின்றன, பண்டங்களின் பெயர்களும் கான்டோனீஸாகவே நிற்கின்றன.

உட்கார்ந்ததும் முதலில் கேட்கப்படுவது எந்தத் தேநீர் என்பதுதான். இந்தச் சாப்பாட்டுக்கே கான்டோனீஸ் மொழியில் 'யும் சா', அதாவது தேநீர் அருந்துவது, என்றுதான் பெயர். ஒரு மூடிக் கோப்பைத் தேநீரும் இரண்டு சிறு பண்டமும் என்பது தென்சீன நகரான குவாங்சோவின் பழைய தேநீர்க் கடைகளின் வழக்கு. கொழுப்பை அறுக்கும் கருந்தேயிலையான 'போ லே', அதனோடு உலர்ந்த சாமந்திப்பூ கலந்த 'குக் போ', மணமுள்ள 'திட் குன் யாம்' ஆகியவை பொதுவாகக் கிடைக்கும். மதிப்பிடுவதற்காகப் போகிறீர்கள் என்றால் போ லேயையே கேளுங்கள், ஏனென்றால் மட்டமான இலையை அது மறைக்காது: மழைக்குப் பின் எழும் மண் வாசமும் பழைய மரப்பெட்டியின் வாசமும் வரலாம், பூஞ்சை பிடித்த சாக்கின் நாற்றம் வரக்கூடாது. ஒவ்வொரு கூடைக்கும் இடையில் ஒரு வாய் தேநீர் குடித்தால் நாக்கு துப்புரவாகும். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கணக்கு வரும். வெந்நீர் வேண்டுமானால் கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், கையை உயர்த்திக் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோப்பையை நிரப்பும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் அதுவே நன்றி.

இனிக் கூடைகள். இறால் கொழுக்கட்டையான ஹார் காவ், திறந்த வாய்ச் சியூ மாய், சுட்ட பன்றி இறைச்சி வைத்த ஆவி ரொட்டியான சார் சியூ பாவ், முட்டை டார்ட் ஆன டான் டாட் ஆகிய நான்கையும் கான்டோனீஸ்காரர்கள் டிம் சமின் நான்கு பேரரசர்கள் என்று சொல்வது உண்டு. பட்டம் வேடிக்கையாக இருந்தாலும் மதிப்பிடுகிறவருக்கு இதைவிட வசதியான பட்டியல் இல்லை. மாவுத் தோல், இறைச்சிக் கலவை, பொங்கிய மாவு, அடுப்பில் சுட்ட பண்டம் என்று நான்கும் நான்கு வேறு கைத்திறன்களைச் சோதிக்கின்றன. புதிய கடைக்குப் போகும்போதெல்லாம் இந்த நான்கையும் தவறாமல் வாங்கினால்தான் கடைக்குக் கடை ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஹார் காவிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கோதுமை மாவிலிருந்து பசைத்தன்மையுள்ள புரதத்தைக் கழுவி நீக்கிய பின் மிஞ்சும் வெறும் மாச்சத்தோடு கொஞ்சம் மரவள்ளி மாவைச் சேர்த்து, கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைந்து இதன் தோலைச் செய்கிறார்கள். அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கொழுக்கட்டைக்குக் கிளறுகிற அதே தந்திரம்தான்: சூட்டில் மாச்சத்தின் ஒரு பகுதி வெந்து கூழாகி, மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. நீரின் சூடு குறைந்திருந்தால் மாவு உதிர்ந்து தோல் விரிசல் விடும். மரவள்ளி மாவு கூடியிருந்தால் தோல் ரப்பராக இழுக்கும். எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்தில் வட்டமாகத் தேய்த்து, ஒரு புறம் மட்டும் மடிப்பு வைத்து மூடுவது மரபு. 7 மடிப்பாவது இருக்க வேண்டும் என்பார்கள், கைதேர்ந்தவர்கள் 10-க்கு மேல் வைக்கிறார்கள். மடிப்பை எண்ணுவது சுவாரசியமான பொழுதுபோக்குதான், ஆனால் நான் அதற்குப் பெரிய மதிப்பெண் கொடுப்பதில்லை. மடிப்புகள் கூடும் உச்சியில் தோல் தடித்து வெள்ளையாக நிற்கிறதா என்பதைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. அந்த இடமும் வெந்து கசிவொளி பெற்றிருந்தால் தேய்த்த கை சீரானது என்று அர்த்தம். தோலின் வழியே இறாலின் இளஞ்சிவப்பு மங்கலாகத் தெரிய வேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது தோல் தொய்ய வேண்டுமே தவிரக் கிழியக்கூடாது.

கடித்தால் இறால் 'சோங்' என்று தெறிக்க வேண்டும். இந்தத் தெறிப்பு இறாலுக்குப் பிறவியிலேயே முழுதாக வாய்த்ததன்று. சமையல்காரர்கள் இறாலைச் சமையல் சோடாபோன்ற காரப்பொருள் கலந்த நீரில் சற்றே ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசி அதைக் கூட்டுகிறார்கள். அளவு மிஞ்சினால் இறால் கண்ணாடிபோல் மினுங்கும், பல்லில் துள்ளும், ஆனால் கடலின் சுவை துளியும் இருக்காது. தெறிப்பைக் கண்டதும் மயங்கி முழு மதிப்பெண் கொடுத்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; மென்ற பிறகு இனிப்பு நிற்கிறதா என்று இன்னொரு நொடி காத்திருங்கள். உள்ளே சிறு மூங்கில் குருத்துத் துண்டுகளும், ஈரத்துக்காக ஒரு துளிப் பன்றிக் கொழுப்பும் இருப்பது பழைய முறை. கூடை மேசைக்கு வந்த சில நிமிடங்களுக்குள் இதைச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறிய இடியாப்பம் விறைத்துப்போவதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால், வெந்த மாச்சத்து ஆறும்போது இறுகி, தோல் மங்கி, வெடிப்பு விடத் தொடங்கும். படம் எடுத்துக்கொண்டே ஐந்து நிமிடத்தைக் கழித்துவிட்டுத் தோல் கடினம் என்று கடையைக் குறை சொல்வது நியாயமில்லை.

சியூ மாயில் பார்க்க வேண்டியது குறைவு. மஞ்சள் தோல் இறைச்சியை இடுப்பில் கட்டிய வேட்டியைப்போல் ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும், அடியில் நீரும் எண்ணெயும் குளமாகத் தேங்கியிருக்கக்கூடாது. பாதியைக் கடித்துவிட்டு உள்ளே பாருங்கள். கத்தியால் கொத்திய இறைச்சித் துண்டும் இறால் துண்டும் கண்ணுக்குத் தனித்தனியே தெரிந்தால் நல்லது. மீன் உருண்டையைப்போல் ஒரே வழவழப்பான பசையாக இருந்தால் அது இயந்திரத்திலிருந்து வந்த கலவை. மேலே வைக்கும் செம்மஞ்சள் புள்ளி நண்டு முட்டையோ, மீன் முட்டையோ, துருவிய கேரட்டோ ஆகலாம். அதற்காகக் கடைக்காரரிடம் வழக்காட வேண்டியதில்லை.

சார் சியூ பாவைப் பொறுத்தவரை முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். நம்மூர்க் கோப்பிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் வழவழவென்று உருண்டையாக இருக்கும் பாவைப் பார்த்தே பழகியவர்கள், டிம் சம் கடையில் உச்சி வெடித்து நிற்கும் பாவைக் கண்டதும் அது கெட்டுப்போன வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வேறு வகை மாவு. குவாங்சோ-ஹாங்காங் முறையில் பழைய புளித்த மாவை எடுத்து, அதன் புளிப்பைக் காரநீரால் சமன்செய்து, ஆவியில் விரைவாகப் பொங்க வைக்கும் உப்பும் சேர்த்து, கடும் ஆவியில் ஏற்றுவதால், பாவின் தலை மூன்றாகப் பிளந்து சிரிக்க வேண்டும். பிளவு இல்லாமல் மூடிக்கொண்டிருந்தால் ஆவி போதவில்லை அல்லது மாவு சரியாகப் புளிக்கவில்லை. முழுக்கப் பிளந்து குழம்பு வழிந்திருந்தால் மூடிய கை அவசரப்பட்டிருக்கிறது. தோலில் ஆங்காங்கே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் காரநீர் சரியாகக் கலக்கவில்லை. பிட்டதும் மூக்கில் சுருக்கென்று அமோனியா ஏறினால் பொங்க வைக்கும் உப்பு மிகுந்துவிட்டது. இட்லி மாவின் புளிப்பை மோந்தே கணிக்கும் மூக்குக்கு இதுவெல்லாம் கடினமான வேலையே இல்லை.

அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் நன்று. அடி நைந்து காகிதத்தோடு போனால், மூடியில் திரண்ட நீர் சொட்டியிருக்கிறது அல்லது பாவ் நெடுநேரம் ஆவியிலேயே கிடந்திருக்கிறது என்று பொருள். மூங்கில் மூடி அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், உலோக மூடியால் அது முடியாது. பெரிய கடைகளும் இன்னும் மூங்கிலையே வைத்துக்கொண்டிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் சுட்ட இறைச்சி பழுப்புச் சிவப்பாகவும் பளபளப்பாகவும், கொழுப்பும் தசையும் கலந்த சிறு துண்டுகளாகவும் இருக்க வேண்டும். சாயம் பூசியதுபோன்ற செக்கச்சிவப்பும், ஜாம்போன்ற இனிப்பும் இறைச்சியின் குறையை மறைக்க வந்தவை. மாவு பல்லில் ஒட்டாமல் பஞ்சாகக் கரைந்தால், எஞ்சியிருக்கும் சிறு குறைகளை நான் மன்னித்துவிடுவேன்.

டான் டாட்டைச் சூடாக மட்டுமே மதிப்பிடுங்கள். தட்டை மெல்ல ஆட்டினால் நடுப்பகுதி நடுங்க வேண்டும். மேற்பரப்பு சமமாகப் பளபளக்க வேண்டும். குழிகளும் குமிழ்களும் இருந்தால் அடுப்பின் சூடு மிஞ்சிவிட்டது. கரும்புள்ளிகளோடு வருவது மக்காவ் வழிவந்த போர்த்துகீசிய வகை, அதை இதோடு ஒப்பிடக்கூடாது.

நான்கு பேரரசர்களுக்கு அப்பால், கடையின் பொறுமையை அளக்க ஃபூங் சாவ் என்ற கோழிக்கால் உதவும். ஆட்டுக்கால் பாயாவை உறிஞ்சிச் சாப்பிடும் நாம் கோழிக்காலைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தக் கால் முதலில் எண்ணெயில் பொரிகிறது, பிறகு குளிர்ந்த நீரில் ஊறித் தோல் உப்பிச் சுருக்கம் விடுகிறது, அதன் பிறகு நட்சத்திரச் சோம்பு முதலியவற்றோடு மெல்லக் கொதிக்கிறது, கடைசியில் புளித்த கருப்புச் சோயா அவரைச் சாந்தோடு ஆவியில் ஏறுகிறது. இவற்றில் ஒரு கட்டத்தைக் குறுக்கினாலும் தட்டில் தெரிந்துவிடும். தோல் சுருங்கிப் பொங்கியிருக்க வேண்டும். வாயில் வைத்து ஒரு முறை உறிஞ்சினால் எலும்பிலிருந்து கழன்று வர வேண்டும். ஆனால் தட்டிலேயே கூழாகக் கரைந்து எலும்பு தனியே கிடக்கக்கூடாது.

சீ சியோங் ஃபானில் மட்டும் பினாங்குக்காரர்கள் ஓர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கரிய இறால் சாந்து ஊற்றித் தெருக்கடையில் சாப்பிட்ட சுவையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் டிம் சம் கடையின் சுருள் ஏமாற்றமே தரும். இங்கே அரிசி மாவுக் கரைசலை மெல்லிய ஏடாக ஆவியில் எடுத்து, இறாலையோ சார் சியூவையோ சுருட்டி, இனிப்பேற்றிய சோயா நீரை மட்டும் ஊற்றுகிறார்கள். ஏடு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு 'வாட்' என்பதுதான் கேள்வி. தடித்துப் பல்லில் அப்பிக்கொண்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பொரித்த வகைகளில் சேப்பங்கிழங்கில் செய்யும் வூ கொக் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஓடு தேன்கூட்டைப்போல் வலைவலையாக விரிந்து, தொட்டால் உதிர வேண்டும். பொரித்த இறால் பண்டங்களோடு நம்மூர்க் கடைகள் மயோனைஸைக் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். அதையும் முதல் கடிக்குப் பிறகே தொடுங்கள். பழுப்புச் சர்க்கரை போட்ட ஆவிக் கேக்கான மா லாய் கோவின் பெயரிலேயே மலாய் இருக்கிறது. விரலால் அழுத்தினால் அது உடனே எழும்ப வேண்டும், உள்ளே நீண்ட துளைகள் தெரிய வேண்டும்.

நம்மவர்களின் உணவுக் கட்டுப்பாடுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயரில் இறாலோ கிழங்கோ மட்டும் இருப்பதால் அந்தப் பண்டத்தில் பன்றி இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. ஹார் காவின் கொழுப்பு, வூ கொக்கின் மாவு, டான் டாட்டின் பழைய முறை மேலோடு ஆகியவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும். லோ பாக் கோ என்ற முள்ளங்கி அடையில் சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் சேர்வது இயல்பு. மாட்டிறைச்சி உருண்டைக் கூடை ஒன்றும் வண்டியில் வரும். பன்றி இல்லை என்ற பலகையும், மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய கடைகளில் சியூ மாய் கோழியில் செய்யப்படுகிறது. கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் அது வறண்டுபோகாமல் ஈரமாக இருக்கிறதா என்பதையே அங்கு முதன்மையாகக் கொள்ள வேண்டும். புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் சைவம் காப்பவர்கள் சீன பௌத்த சைவக் கடைகளைத் தேடலாம். அங்கே வெங்காயமும் பூண்டும் விலக்கு, சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் கூட்டம் நெரியும். காளானும் வாட்டர் செஸ்ட்நட் கிழங்கும் வைத்த அவர்களுடைய கொழுக்கட்டைக்கும் தோலைப் பற்றி மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்.

நான்கு பேராகப் போவது வசதி. கூடைக்கு மூன்றோ நான்கோ துண்டுகள்தான் இருக்கும். மேசையில் வைக்கும் கணக்கு அட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று முத்திரை விழுவதால் எந்தக் கூடைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது பிறகு பார்க்கவும் தெரியும். பில் கேட்பதற்கு முன், வயிற்றில் இடமிருந்தால், ஹார் காவ் மட்டும் இன்னொரு கூடை சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த அதே மெல்லிய தோல், அதே தெறிப்பு, அதே சூடு இந்தக் கூட்ட நேரத்திலும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்தக் கடையைப் பற்றி நண்பர்களிடம் பேசலாம்.